கந்தப்பனின் வலது தோள்

கந்தப்பனைக் கண்டு பயப்படாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. அவர் யாரையும் அடித்ததில்லை. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி விரலைச் சொடுக்குவார். அவருடைய விவசாயக் காட்டின் கடைசியில் நிற்கிறவரும் ஓடி வரவேண்டும். தன்னைவிட மூத்தவரான என் அப்பா அய்யாசாமியையும் அவர் அப்படித்தான், ஒரு ‘டேய்’ சேர்த்துக் கூப்பிடுவார். பால் ஊற்ற வரும் பையனுக்குக்கூட ‘வாங்க, போங்க’ என்று மரியாதை கொடுக்கிற ஊர் எங்களுடையது. அந்த ‘ங்க’ எங்கள் தெருவுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

கிணறு வற்றியதும் காட்டில் பாதியை விற்று, மீதியில் தகர ஷெட் போட்டு பனியன் கம்பெனி ஆரம்பித்தார் கந்தப்பன். பெருமாநல்லூர்ப் பக்கம் இந்த மாதிரிச் சின்னக் கம்பெனிகள் நிறைய. தைக்க ஆள் வைத்தாரே தவிர, கட்டிங் வேலையை யாரிடமும் விடவில்லை. மேஜைமேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, மறு ஓரம்வரை எட்டி நீவிவிட்டு, மேல் துணிக்கும் அடித் துணிக்கும் இம்மி வித்தியாசம் இல்லாமல் வெட்டுவார். கட்டிங் மாஸ்டர் வைத்தால் துணியைத் தின்றுவிடுவான் என்பது அவர் கணக்கு. ஆக, அந்தக் கை ஓடினால்தான் கம்பெனி ஓடும். போன தை மாதம் கை நின்றுவிட்டது.

முதலில் சட்டை மாட்டும்போது வலித்தது. பிறகு மேஜையின் மறு ஓரத்தை எட்ட முடியவில்லை. எண்ணெய் போட்டுக் கட்டுகிற ஒருவரிடம் போனார். ‘அசைக்கவே கூடாது’ என்று சொல்லி அனுப்பினார் அந்த ஆள். கந்தப்பன் கம்பெனியில் கிடந்த கழிவுத் துணியைச் சுற்றிச் சுற்றிக் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு மாதம் திரிந்தார். சர்க்கரை வியாதி உள்ள உடம்பு வேறு. அசையாமல் கிடந்த மூட்டைச் சுற்றியிருந்த சவ்வு இறுகிப்போய், கட்டை அவிழ்த்தபோது கை நெஞ்சு உயரத்தைத் தாண்டவில்லை. திருப்பூரில் எலும்பு டாக்டர் ஊசி போட்டு, இனி பிசியோதெரபிதான் வழி என்று எழுதிக்கொடுத்தார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரே பிசியோதெரபி கிளினிக் என்னுடையது. பேக்கரிக்கு மேல் மாடியில், என் பெயரும் அதன் பின்னால் என் பட்டமும் எழுதிய பலகை தொங்கும். எங்கள் தெருவில் பெயருக்குப் பின்னால் அப்படி எழுதிக்கொண்ட முதல் ஆள் நான். அந்தப் பலகைக்குக் கீழே நடந்துவர அவருக்கு மனமில்லை. மகன் நித்தீஷை அனுப்பி என்னை வீட்டுக்கு வரச் சொன்னார்.

போனேன். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. கார் ஷெட்டில் நாற்காலி போட்டு, முழுக்கைச் சட்டையோடு, தோளில் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அங்கயே நின்னு சொல்லு. என்ர பையன் செய்வான்.”

“தொட்டுப் பாக்காம எப்படிங்க? எந்தப் பக்கம் எறுகிக் கெடக்குதுன்னு கையிலதானுங்க தெரியும்.”

“படிச்சவன்தான? வாயில சொல்லத் தெரியாதாக்கும்?”

நித்தீஷ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டுவது, சுவரில் விரல்களால் ஏறுவது இரண்டையும் செய்து காட்டினேன். யாரும் பிடித்து இழுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் கேட்கவில்லை. “இன்னுந் தூக்குடா, இன்னுந் தூக்குடா” என்று மகனை விரட்டி இழுக்கவைத்தார். கொஞ்ச நாளில் கை இன்னும் கீழே இறங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் கட்டிங் மாஸ்டர் ஒருவரை வைத்தார். அவர் வெட்டிய குழந்தை பனியன் முழுவதும் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது. ஆர்டர் கொடுத்தவர் மூட்டையோடு திருப்பி அனுப்பி, “இனி நீங்க வெட்டுனாத்தான் துணி வரும்” என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கந்தப்பன் என் மாடிப்படி ஏறினார்.

“ஆரும் இல்லாத நேரமாப் பாத்துச் சொல்லு. வர்றேன்.”

“இங்க டோக்கன் முறைதானுங்க. உக்காருங்க.”

பக்கத்துக் கட்டிலில் காளியாத்தாள் இருந்தார். மணிக்கட்டில் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போனவர். முன்பு கந்தப்பனின் கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டியவர். இப்போது வேறு இடம். அவருக்கு என்ன பயம்?

“ஏனுங் பண்ணாடி, நீங்களுமா? வெரல் மரத்துப்போச்சுன்னு நான் லீவு கேட்டப்ப ‘நடிக்காத புள்ள’ன்னீங்க. இப்ப நாம ரெண்டு பேரும் ஒரே நாடகக் கம்பெனிங்களா?”

“உன்ர வேலையப் பாரு.”

“வேலை பாத்துத்தானுங்க இங்க வந்து கெடக்கறேன்.”

சட்டையைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். உடனே துண்டை எடுத்துத் தோளில் விரித்தார்.

“இதுக்கு மேல புடி.”

“துண்டு மேல புடிச்சா துண்டுக்குத்தானுங்க வைத்தியம்.”

காளியாத்தாள் சிரித்துவிட்டார். கந்தப்பன் துண்டை உருவி மடியில் போட்டுக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சூட்டு ஒத்தடம் கொடுத்துவிட்டு, தோள்பட்டை எலும்பை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கையால் மூட்டை மெல்ல மெல்ல நகர்த்தினேன். முரட்டுத்தனம் காட்டவில்லை. அது அவருக்காக அல்ல, நான் படித்த படிப்புக்காக. அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தத் துண்டையே வாங்கி, முதுகுக்குப் பின்னால் இரண்டு முனையையும் பிடிக்கவைத்து, நல்ல கையால் மெதுவாக மேலே இழுக்கச் சொன்னேன்.

“துண்டு கொண்டாந்தது நல்லதாப் போச்சுங்க.”

முடிந்ததும் அவர் நேராகக் குழாயடிக்குப் போனார். நான் தொட்ட தோளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார்.

“வலியக் கழுவறீங்களாக்கும்?” என்றார் காளியாத்தாள்.

“அது நாங்க கை கழுவற சோப்புங்க,” என்றேன் நான். “உங்களுக்கு வேணும்னா கீழ கடையில கெடைக்கும்.”

அடுத்த தடவை சோப்பை வீட்டிலிருந்தே கொண்டுவந்தார். ஒவ்வொரு தடவையும் கழுவினார். எந்த நோயாளியைத் தொட்டாலும் பிறகு நான் கை கழுவுவது வழக்கம். அவரைத் தொட்ட பிறகு மட்டும் அவர் கண்ணெதிரே நின்று, நுரை வர, நிதானமாகக் கழுவினேன்.

ஆனால் பயிற்சியை ஒரு நாளும் விடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். என் கிளினிக் சுவரில் அவர் விரல்கள் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறின. ஐப்பசியில் கை தலைக்கு மேலே போனது. இனி வரவேண்டியதில்லை என்றேன். “சரி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கடைசிவரை எனக்கு ஒரு ‘ங்க’ கிடைக்கவில்லை.

போன வாரம் அவர் கம்பெனி வழியாகப் போனேன். அப்பா அங்கேதான் துணி ரோல் தூக்குகிறார். விட்டுவிடச் சொல்லிச் சண்டை போட்டாயிற்று. “சும்மா உக்காந்துட்டா கை கால் புடிச்சுக்குமப்பா” என்பார். நான் பைக்கை நிறுத்தும்போது கட்டிங் மேஜை நிறையத் துணி விரித்திருந்தது. கந்தப்பன் வாசலுக்கு வந்தார். வலது கை தலைக்கு மேலே எழுந்தது. தடங்கல் இல்லை, தோள் குறுகவில்லை, காதோடு ஒட்டி நின்றது. விரலைச் சொடுக்கினார்.

“டேய் அய்யாசாமி! ரோல இந்தப் பக்கம் கொண்டாடா!”

அப்பா ஓடினார்.

நான் பைக்கிலிருந்து இறங்காமலே சத்தம் போட்டுச் சொன்னேன். ஷெட்டுக்குள் மெஷின் ஓட்டுகிறவர்கள் அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும்.

“கை நல்லா ஏறுதுங்க! இனி இடது தோளப் பாத்துக்குங்க. சர்க்கரை இருக்கறவங்களுக்கு ஒண்ணு சரியானா இன்னொண்ணு புடிக்கறது உண்டுங்க. வந்தா டோக்கன் போட்டுட்டு உக்காருங்க.”

அப்பா ரோலோடு நின்று, போய்விடு என்று எனக்குக் கண் காட்டினார். வண்டியைக் கிளப்பித் திரும்பிப் பார்த்தேன். கந்தப்பன் மேஜைக்கு முன்னால், எங்களுக்கு முதுகு காட்டி நின்று, இடது கையை மெல்ல மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.