பூம்பாறைப் பாதையில் நின்றுபோன லாரி

எழுபத்தெட்டாம் வருடம், அடைமழைக் காலம். எனக்கு எட்டாவது மாதம். கொடைக்கானலில், பள்ளி விடுதி வார்டனாக இருந்த என் தங்கை மேரியின் சின்னக் குவார்ட்டர்ஸில், நானும் என் கணவர் சாமுவேலும் ஏழு வயது மகள் ஷீலாவும் தங்கியிருந்தோம். சில வாரம் இருந்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லி வந்தவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம். இங்கிலாந்தில் இருந்த வீட்டை விட்டுவிட்டோம். ஆஸ்திரேலியாவுக்குப் போக அனுமதி வரவில்லை. நடுவில் இந்த மலையில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

என் கணவர் நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் போட்ட திட்டங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை வலிக்கிறது.

பர்மிங்காமில் அவர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். அந்த ஊர்க் குளிரில் அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. அடிலெய்டில் இருந்த நண்பர் ஒருவர், "இங்கே நல்ல வெயில், உன் மனைவிக்கு உடனே வேலை கிடைக்கும்" என்று எழுதினார். அன்றைக்கு ஆரம்பித்தது. விண்ணப்பம் போடுவது, வீட்டைக் காலி செய்வது, சாமான்களைக் கப்பலில் முன்னாலேயே அனுப்புவது, அனுமதி வரும் வரை கொடைக்கானலில் சொந்தபந்தங்களோடு இருப்பது, பிறகு சென்னையிலிருந்து விமானம். குழந்தை அடிலெய்டில் பிறக்கும். அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார். பையன் என்றால் பிரையன்.

திட்டப்படி நடந்தது ஒன்றே ஒன்றுதான். சாமான்கள் ஒழுங்காக அடிலெய்டு போய்ச் சேர்ந்தன. எங்கள் கம்பளிகள், ஷீலாவின் ஷூக்கள், பிறக்கப்போகும் குழந்தையின் துணிகள் எல்லாம் வெயில் நாட்டில் பத்திரமாக இருந்தன. நாங்கள் கொடைக்கானல் மழையில் நடுங்கிக்கொண்டிருந்தோம். மேரியின் ஸ்வெட்டர் ஒன்றை நான் போட்டிருந்தேன். அது என் வயிற்றுக்கு மேலேயே நின்றுவிட்டது.

லண்டனில் கொடுத்த விண்ணப்பம் நாங்கள் இந்தியா வந்ததால் டெல்லிக்கு மாறியது. அதனால் தாமதம். காரணம் சரிதான். ஆனால் பஜாருக்குப் போனால் பழக்கடைக்காரரிலிருந்து தபால்காரர் வரை எல்லோரும் ஒரே கேள்விதான். "என்னங்க, இன்னும் கெளம்பலையா?" என் கணவர் சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொல்வார். குடையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றையும் தூக்கிக்கொண்டு, நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஒருநாள் தாங்க முடியாமல் சொன்னேன். "இங்க பாருங்க, இனிமே எந்த பிளேன்லயும் என்னைய ஏத்த மாட்டாங்க. உங்க பிள்ளை இந்த ஊர்லதான் பொறக்கும்."

"வர்ற வாரம் லெட்டர் வந்துட்டா ஒரு வழி இருக்கு எஸ்தர்" என்றார்.

என்ன வழி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு திட்டம் வைத்திருப்பார்.

ஜெபிக்கவும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் சகோதரிகள் எங்கள் பயணத்துக்காக அழகழகாக ஜெபிப்பார்கள். நான் கண்ணை மூடினால் எரிச்சல்தான் வரும். ஆண்டவரிடம் நல்ல வார்த்தை பேச என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

இந்த நிலையில்தான் பூம்பாறைக்குப் போகலாம் என்றார். அவருடைய அண்ணன் ஜெயராஜ் அங்கே பள்ளி ஆசிரியர், கொஞ்சம் பூண்டுத் தோட்டமும் வைத்திருந்தார். ஆஸ்திரேலியா போகும் முன் சொல்லிக்கொள்ள வேண்டுமாம்.

"மழை ஊத்துது. இந்த வயித்தோட மலைப் பஸ்ல நான் ஏற மாட்டேன்" என்றேன்.

"ஒரே நாள்தான். காலைல போயிட்டு மறுநாள் வந்துருவோம். போகலைன்னா அண்ணன் மனசு கஷ்டப்படும்."

என் மனசைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஷீலாவை மேரியிடம் விட்டுவிட்டுப் போனோம். அன்று இரவு பெய்த மழையில் கொடைக்கானல் பாதையில் மண் சரிந்தது. காலையில் பஸ் வரவில்லை. அந்தச் செய்தி வந்தபோது நான் அடுப்பங்கரையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எழுந்தேன். பனிக்குடம் உடைந்துவிட்டது.

ஊர் நர்ஸ் முந்தின நாளே கொடைக்கானலுக்குப் போனவர், திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த பெண் ஜெயராஜ் அத்தானின் மனைவி ரூபி அக்கா மட்டும்தான். பிள்ளை பெறாதவர். பிரசவம் பார்த்ததும் இல்லை.

"எம்மா எஸ்தரு, எனக்குக் கையி நடுங்குது" என்றார்.

"நடுங்கட்டும்க்கா. தண்ணியக் கொதிக்க வச்சு, கத்திரிக்கோலையும் நூலையும் அதுல போடுங்க. சோப்புப் போட்டுக் கைய முழங்கை வரைக்கும் கழுவுங்க. நான் சொல்றத மட்டும் செய்யுங்க."

எத்தனையோ பெண்களுக்குப் பக்கத்தில் நின்று சொன்னதை, இப்போது படுத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே என் கணவர் நடந்துகொண்டே இருந்தார். "இன்னும் ஒரு மாசம் இருக்கே, இன்னும் ஒரு மாசம் இருக்கே" என்ற குரல் கதவுக்கு உள்ளே கேட்டது.

"அதை உங்க பிள்ளைகிட்டச் சொல்லுங்க" என்று வலியோடு கத்தினேன். அதோடு சத்தம் நின்றது.

பத்து மணி வாக்கில் பையன் பிறந்தான். சின்ன உடம்பு. ஆனால் அழுதான். ரூபி அக்கா நான் சொன்னபடியே தொப்புள்கொடியைக் கட்டி அறுத்து, அவனைத் தன்னுடைய பழைய சேலையில் சுற்றி என் நெஞ்சில் வைத்தார். அவரும் அழுதார்.

ஆனால் நஞ்சுக்கொடி விழவில்லை. காத்திருந்தேன். விழவில்லை. ரத்தம் போக ஆரம்பித்தது. குழந்தையை மார்பில் சேர்த்துப் பால் உறிஞ்ச வைத்தேன். ரூபி அக்காவை அடிவயிற்றைத் தேய்க்கச் சொன்னேன். குறைந்தது. மறுபடியும் வந்தது. அது என்னவென்று அந்த வீட்டில் தெரிந்தது எனக்கு மட்டும்தான். இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவேன் என்பதும் தெரியும். நர்ஸ் படிப்புப் படித்ததை நினைத்து வருந்திய நாள் அது ஒன்றுதான்.

"அத்தானைக் கூப்பிடுங்க. என்னைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். இப்பவே" என்றேன்.

ஜெயராஜ் அத்தான் தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தார். தோட்டத்துக்குப் போகாமல் மழைக்கு ஒதுங்கியிருந்த ஆண்கள் ஓடி வந்தார்கள். என்னைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கினார்கள். கால் பக்கம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். மேலே ஒரு தார்ப்பாயை விரித்தார்கள். என் கணவர் குழந்தையைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டு, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். ஒருவர் "முருகா" என்றார். ரூபி அக்கா "இயேசப்பா" என்றார். என் கணவர் குழந்தையை அணைத்துப் பிடித்தபடி நடந்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் எந்தத் திட்டமும் இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

மண் சரிந்த இடத்தில் கட்டிலை இறக்கினார்கள். மேலிருந்து சேறு இன்னும் வழிந்துகொண்டிருந்தது. "கால வச்சா உள்ள போயிரும்டா" என்றார் முன்னால் இருந்தவர். யாரும் நகரவில்லை. எனக்குக் காது அடைக்க ஆரம்பித்தது. கை சில்லிட்டது.

அப்போதுதான் ஜெபித்தேன். நீங்கள் அதை ஜெபம் என்று ஒத்துக்கொள்வீர்களோ என்னவோ. வாய்விட்டுச் சொன்னேன். "ஆண்டவரே, இவர் பிளானும் போதும், உம்ம பிளானும் போதும். எனக்கு ஆஸ்திரேலியாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என் பிள்ளைகளுக்குத் தாய் வேணும். அவ்வளவுதான்."

ஆமென் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

சரிவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "யாருப்பா அங்கிட்டு?"

கொடைக்கானல் பஜாரில் பூண்டு மண்டி வைத்திருந்த மஸ்தான் பாய். பூண்டு ஏற்ற வெள்ளனே லாரியோடு வந்தவர், பாதை அடைத்திருந்ததைப் பார்த்து வண்டியைத் திருப்பியிருக்கிறார். அதோடு என்ஜின் நின்று, மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. தனியாளாக அந்தக் காட்டில் வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"பிரசவக் கேசு பாய். ரத்தம் போகுது" என்று ஜெயராஜ் அத்தான் கத்தினார்.

"அப்ப என்ன நின்னுக்கிட்டு இருக்கீங்க? ஓரமா பாறை மேல கால வச்சு வெரசா வாங்க. நான் இங்கிட்டிருந்து பிடிச்சுக்கிறேன்."

அவர் முழங்கால் சேற்றில் இறங்கி எங்களை நோக்கி வந்தார். எங்கே கால் வைக்கலாம் என்று அவரே முன்னால் மிதித்துக் காட்டினார். கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது தோளைக் கொடுத்தார். எப்படியோ அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். லாரியின் பின்னால் வெறும் சாக்குகளை விரித்து என்னைக் கட்டிலோடு ஏற்றினார்கள். தூக்கி வந்த ஆட்கள் எல்லோரும் வண்டிக்குப் பின்னால் போய்த் தள்ளினார்கள். இறக்கத்தில் கொஞ்ச தூரம் உருண்டதும் என்ஜின் பிடித்துக்கொண்டது.

பாய் தலையை வெளியே நீட்டிச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "காலைலேர்ந்து தள்ளுறதுக்கு நாலு ஆளை அனுப்பு அல்லா, என் ரப்பேன்னு கேட்டுக்கிட்டு கெடக்கேன். ஒரு ஊரையே அனுப்பிட்டான்."

மயக்கத்தின் விளிம்பிலும் அது எனக்குப் புரிந்தது. நான் வாய் திறப்பதற்கு எத்தனையோ மணி நேரம் முன்னாலேயே என் வண்டி அங்கே வந்து நின்றுவிட்டது. போக முடியாதபடி நிறுத்தியும் வைக்கப்பட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா முந்தின நாளே மதுரைக்குப் போக வேண்டியவர். கீழே போகும் பாதையும் மழையில் அடைத்ததால் போகவில்லை. அவர்தான் நஞ்சை எடுத்தார். என் கணவரின் ரத்தம் சேரவில்லை, மேரியின் ரத்தம் சேர்ந்தது. மறுநாள் கண் விழித்தபோது ஷீலா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தம்பியைக் கண்ணாடிப் பொருளைப் போல மடியில் வைத்திருந்தாள். என் கணவர் சுவரைப் பார்த்து நின்றார்.

"எஸ்தர், நீ சொன்னா இங்கேயே இருந்துருவோம்" என்றார்.

"மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்றேன்.

பிரையன் என்ற பெயர் அத்தோடு போயிற்று. ரூபி அக்கா வைத்த பெயர் எபனேசர், 'இம்மட்டும் கர்த்தர் உதவி செய்தார்' என்று அர்த்தம். அதை மாற்ற அந்த வீட்டில் யாருக்கும் தைரியமில்லை.

அனுமதி பிறகு வந்தது. புதிதாகப் பிறந்தவனுக்குத் தனியாக எழுதிப்போட வேண்டும் என்றார்கள், அதற்கும் காத்திருந்தோம். எபனேசர் தவழ்ந்துகொண்டிருந்தபோதுதான் அடிலெய்டு போய் இறங்கினோம். அவனுக்கென்று முன்னால் அனுப்பிய துணிகளில் ஒன்றும் அவனுக்குச் சேரவில்லை. எனக்கு அங்கே வேலை கிடைத்தது. அவருக்கு மூச்சிரைப்பு குறைந்தது. மஸ்தான் பாய்க்கு ஒவ்வொரு வருடமும் எழுதுகிறோம். இப்போது விடுமுறைக்கு வந்தபோதும் முதலில் போனது அவருடைய மண்டிக்குத்தான். ஏழு வயதுப் பையனைத் தூக்கிப் பார்த்து, "இவனுக்காகத்தான் அன்னைக்கு நனைஞ்சேனா" என்று சிரித்தார்.

என் கணவர் இன்னும் திட்டம் போடுகிறார். அது போகவில்லை. ஆனால் போட்டுவிட்டு, "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று மனதாரச் சொல்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் செய்கிறார். நானும் எரிச்சல்படுவதை விடவில்லை. ஆனால் எரிச்சல் வந்தால் ஜெபத்தை விட்டுவிடுகிற பழக்கம் எனக்குப் போய்விட்டது. அப்படியே அதை எடுத்துக்கொண்டு ஆண்டவரிடமே போகிறேன்.

சகோதரிகளே, உங்களில் யாராவது நல்ல வார்த்தை வராமல் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தால், மனசு சமாதானமாகட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களிடம் பேசுகிற மாதிரி, கோபத்தோடேயே கூப்பிடுங்கள். அவர் முகம் கோணாமல் கேட்கிறார். நான் உயிரோடு நின்று இதைச் சொல்கிறேன்.