கூமாப்பட்டி ஸ்டேஷன்

அப்பா மதுரையிலிருந்து ஒரு தகர ரயில் வாங்கி வந்தார். சாவி கொடுத்தால் ஓடும். யாருக்கு என்று கேட்டால் பிள்ளைகளுக்கு என்பார். சுத்தப் பொய்! ராஜபாளையத்துப் பஞ்சாலையிலிருந்து வீடு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் மண்டியிட்டுத் தண்டவாளம் பூட்டுகிறவர் அவர்தான். நானும் தம்பியும் மல்லுக்கட்டித்தான் சாவியைப் பிடுங்கவேண்டும்.

தண்டவாளம் கூடத்தை வட்டமாகச் சுற்றி வரும். சோப்புப் பெட்டிகள்தாம் ஸ்டேஷன்கள்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி. ஏறி இறங்குவதெல்லாம் புளியங்கொட்டைகள். "செத்த நேரம் பெருக்க விடுதீங்களா?" என்று துடைப்பத்தோடு வரும் அம்மாவும் ரயில் போகும்வரை நின்று பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா செட்டியார்பட்டிக்கும் ஸ்டேஷன் வைத்தார். அது அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர்.

"அப்படியே கூமாப்பட்டிக்கும் ஒண்ணு வைங்க" என்றாள் அம்மா.

"கூமாப்பட்டிக்கு ரயிலு எங்கட்டி போகுது?"

"செட்டியார்பட்டிக்கு மட்டும் போகுதாக்கும்? உங்க தங்கச்சி ஊருன்னா ரயிலு தானா வந்துருமோ?"

கூமாப்பட்டி அம்மா பிறந்த ஊர். மாமா தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைக்காமல் ஆள் விட்டு அழைத்துவிட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு மாப்பிள்ளை முறுக்கு. அந்த வாசலை நானும் மிதிக்கமாட்டேன், நீயும் மிதிக்காதே என்றுவிட்டார். நாலு வருஷம் ஆயிற்று. அம்மா ஐயா என்று கூப்பிடும் தாத்தாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது என்று சேதி வந்தும் அசையவில்லை. இந்தப் பிடிவாதத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. வாய்விட்டுக் கேட்கவே மாட்டாள். அன்றைக்குத்தான் கேட்டாள், அதுவும் பொம்மை ரயிலுக்கு.

அப்பா கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தார். பிறகு வட்டத்தைக் கழற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அடுப்படி வாசல்வரை தண்டவாளத்தை நீட்டினார். அங்கே நின்ற அம்மா காலடியில் ஒரு தீப்பெட்டியை வைத்தார்.

"சாவி குடு" என்றார் அம்மாவிடம்.

அம்மா உட்கார்ந்து சாவி கொடுத்தாள். ரயில் தத்தித் தத்திப் போய், தீப்பெட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. அப்பா தவழ்ந்து போய் ஒற்றை விரலால் தள்ளிச் சேர்த்தார்.

"வெள்ளிக்கிழமை லீவு சொல்லுதேன்" என்றார், தலை நிமிராமலே. "ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ரயிலு, பொறவு வண்டி புடிச்சிக்கிடுவோம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அம்மா கல்யாணத்துக்குக் கட்டுவதுபோல் கண்ணைப் பறிக்கிற மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏட்டி, மாட்டு வண்டியில புழுதி குடிக்கப் போறோம். இம்புட்டுப் பளபளப்பு எதுக்கு?"

"ஐயா கண்ணுக்கு நான் தெரியணும்லா" என்றாள் அம்மா.