சத்திரத்து நிலவறையில் சோடா

பிள்ளைகளே, திருவண்ணாமலையில் செங்கம் சாலையோரம் நிற்கிறேன். பஸ் பஞ்சர். எதிரே ஒரு பழைய சத்திரம். அதன் அடியில், அந்தக் காலத்தில் நெல் மூட்டை அடுக்குவதற்காகக் கட்டிய நிலவறை ஒன்று இருக்கிறது. சோடாக்காரர் ஏழுமலை அதைக் குத்தகைக்குக் கேட்டு வந்திருக்கிறார். அவருடைய தகரக் கொட்டகையில் வெயில் தாங்காமல் சோடா பாட்டில்கள் வெடிக்கின்றனவாம். குளிர்ச்சி எப்படி என்று பார்க்கக் காலையிலேயே ஒரு பெட்டி சோடாவை உள்ளே இறக்கி வைத்திருக்கிறார்.

சத்திரத்துக்குச் சொந்தக்காரரான சரோஜா அம்மா ஒரே ஒரு நிபந்தனை போடுகிறார். மலை சுற்றி வருகிறவர்களுக்கு வாசலில் இலவசத் தண்ணீர்ப் பானை வைப்பது சத்திரத்து வழக்கம். இனி அதைக் குத்தகைக்காரர்தான் நிரப்ப வேண்டும்.

ஏழுமலை என் பக்கம் திரும்புகிறார். "கேட்டீங்களா சார்? வாசல்ல சும்மா தண்ணி குடுத்துட்டு உள்ள சோடா வித்தா எவன் வாங்குவான்?"

"அப்ப உன் கொட்டாயிலயே வெடிக்க விடுப்பா," என்கிறார் அம்மா.

"கோச்சுக்காதீங்கம்மா. வாசல்ல வெயில் ஜாஸ்தி. பானையைக் கீழ என் பெட்டிங்க பக்கத்துல வெச்சுடறேன். தண்ணியும் சில்லுனு இருக்கும்ல?"

அம்மா முறைக்கிறார். பிறகு சிரித்துவிடுகிறார். "பொழைச்சுக்குவப்பா நீ. சரி, வெச்சுக்க."

உடனே பானை கீழே போகிறது. நானும் தண்ணீர் குடிக்கத்தான் படியிறங்குகிறேன். வயிறு நிறையக் குடிக்கவும் செய்கிறேன். மேலே ஏறும்போது பார்த்தால், என் கையில் ஒரு பன்னீர் சோடா. பின்னால் வருகிற கண்டக்டர் கையில் இரண்டு.