தள்ளிய விண்ணப்பங்களைக் கேட்டு வந்தவர்

நாகர்கோவிலில் எங்கள் அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கொடுக்கிறது. தேர்வுப் பட்டியல் ஒட்டிய மறுநாள், ஆண்டுதோறும் ஓர் அம்மா வருவார். இராஜாக்கமங்கலம் பக்கம் தெருத்தெருவாக மீன் விற்பவர். தலையில் சுமந்துவந்த மீன் பாத்திரமான சருவத்தை வாசலில் இறக்கிவைத்து, குழாயில் முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு அவருடையது. ஆனால் நாங்கள் தேர்ந்தெடுத்த பிள்ளை அவருக்கு வேண்டாம். தள்ளிய விண்ணப்பங்களைத்தான் வாசிக்கச் சொல்வார்.

போன வருடம் ஒரு பெண்ணின் பெயரையும் தெருவையும் வாசித்ததும் கை காட்டி நிறுத்தினார்.

"இந்தப் பிள்ளைக்கு நான் குடுக்கேன் சாரே."

"அது மாடி வீடும்மா. நானே நேர்ல போய்ப் பாத்துதான் தள்ளினேன்."

"வீட்டப் பாத்திய. அடுக்களையப் பாத்தியளா? கல்ஃபுல அவ அப்பனுக்கு வேல போயி எட்டு மாசமாச்சு. அவ அம்மை தினமும் எங்கிட்ட மீன் வாங்குனவளாக்கும். இப்பம் என் சத்தம் கேட்டாலே கதவ அடைச்சிருதா."

விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்து, கொடுப்பவர் பெயர் எழுதும் இடத்தில் பேனாவை வைத்தேன்.

"பேரு எழுதாதீங்க. தெரிஞ்சா, நாளைக்கி கையில காசு வந்தாலும் அவ அம்மைக்கி எங்கிட்ட மீன் வாங்கக் கூச்சமா இருக்கும்லா."

வாசலில் சருவத்தைத் தூக்கி அவர் தலையில் வைக்க ஒரு கை கொடுத்தேன். அன்று நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.