விலாசத்தில் உள்ள வீடு

உறையைப் பெருவிரலால் ஒரு தடவை தடவுவான். உள்ளே அட்டை தட்டுப்பட்டால் அந்தக் கடிதம் கட்டின் மேலே வந்துவிடும். "ராத்தா, தேத்தண்ணிய ஆத்தித் தாங்க. இண்டைக்கு ஐடென்டி வந்திரிக்கி, லைசனும் வந்திரிக்கி. ஆக்கள் பாத்துக்கு இரிப்பாங்க" என்பான். என் தம்பி பஸால் கல்முனையில் தபால்காரன். சுற்றுக்குப் போகிற வழியில் என் வாசலில்தான் அவனுக்குத் தேநீர்.

காக்கிச் சட்டையின் மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை. அதன் பையில் இரண்டு பேனை. ஒன்று எழுதாவிட்டால் மற்றது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இவனுக்கு உத்தியோகம் கிடைத்த அன்று தெரு முழுக்க இனிப்புத் தொதல் கிண்டிப் பகிர்ந்தேன்.

அட்டையைக் கொடுத்தால் உடனே நகரமாட்டான். அவர்கள் பிரித்துப் படத்தைப் பார்க்கும்வரை நிற்பான். போன மாதம் சபியா உம்மா தன் அடையாள அட்டையை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதாரு மகன், கோழிக்கள்ளி மாதிரி?" என்றார். "நீங்கதான் உம்மா. அயல் ஊட்டாக்களுக்குச் செல்லிட்டுப் போறன், கோழியக் கட்டிப் போடச் செல்லி" என்றான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில்தான் இருப்பான். அவனுடைய விலாசமும் அதுவாகிவிடும். என் எதிர்வீட்டு றுஸ்தாவின் கணவன் றிபாத், மாமியோடு கோபித்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம். இதற்கிடையில் அவனுடைய லொறி ஓட்டும் லைசன், றுஸ்தா வீட்டு விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் வந்தது. அக்கரைப்பற்றில் ஓர் அரிசி ஆலையில் அவனுக்கு வேலை சரியாகியிருந்தது. அட்டையைக் காட்டாமல் லொறிச் சாவி தரமாட்டார்கள்; திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆள்.

சேதி கேள்விப்பட்டு என் வாசலுக்கே வந்து, பஸாலின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டான் றிபாத்.

"காக்கா, இதுலயே வெச்சித் தாங்களன்."

"விலாசத்துலதான் குடுப்பன்."

"அங்க போகேலா காக்கா. மாமிட மூஞ்சப் பாக்கேலா."

"லைசன்ல மாமிட மூஞ்சயா அடிச்சிரிக்கி? உன்ட மூஞ்சதானே. வா."

எனக்கு வந்த பதிவுத் தபாலை மீன் சந்தையில் வைத்தே தந்தவன் இவன்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருவைக் கடந்தான். றிபாத் பின்னால் போனான். மணிச் சத்தத்துக்கு றுஸ்தா வந்தாள். கணவனைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக் கேற்றடியிலேயே நின்றாள். றிபாத் சைக்கிள் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்ட மாப்புளைக்கு லைசன் வந்திரிக்கி புள்ள. கையெழுத்து வெக்கணும். பேனையொண்டு எடுத்துக் குடு" என்றான் பஸால்.

அவள் உள்ளே போனாள். திரும்பி வரச் சுணங்கியது. வந்தவள், பேனையை றிபாத்திடம் நீட்டி, "ரெண்டு மாசமா உம்மாட ஊட்டயும் பேனை இல்லயாக்கும்" என்றாள்.

"இரிந்திச்சி. நான் எடுக்கல்ல" என்றான் அவன். கேற்றைத் திறந்து உள்ளே போய், மதிலில் தாளை வைத்துக் கையெழுத்திட்டான். உறையைப் பிரித்ததும் அவள் படத்தை எட்டிப் பார்த்தாள். "தாடிய வழிச்சிட்டுப் போயிரிக்கலாம்" என்றாள்.

பஸால் எதிலும் கலக்காமல் ஓரமாக நின்றான். தபால் கட்டை நெஞ்சோடு அணைத்து, பேனைகள் இருந்த தன் சட்டைப் பையை மூடிக்கொண்டிருந்தான்.