ஆடி இரண்டாம் நாள் வந்த கடிதம்

நீல நிற உறை. மூலையில் சின்னதாக ஒரு பந்தின் படம் அச்சடித்திருந்தது. ஆடி பிறந்த இரண்டாம் நாள், தபால்காரர் அதை என் இட்லிக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். இங்கிலீஷ் எழுத்து எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். ஆனாலும் அந்தப் பந்தைப் பார்த்ததும் யாருக்கு, எதற்கு வந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் கடை. பின்கட்டு அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவேன். அந்த வருஷம் சித்திரையில் வந்த இங்கிலாந்துக்காரரைத் தெருவே பந்துக்காரர் என்றுதான் கூப்பிட்டது. எதிராளி வலைக்குள் பந்தை உதைத்துத் தள்ளுவதுதான் அவர் பிழைப்பு. பதினேழு வயதில் தொடங்கி ஒன்பது அணிகளுக்கு ஆடியிருந்தார். இங்கிலாந்திலேயே ஐந்து, பிறகு பெல்ஜியம், ஹாங்காங், ஆஸ்திரேலியா, அமெரிக்கா. எங்கேயும் இரண்டு வருஷம் தாண்டவில்லை. நாலு ஆட்டத்தில் கோல் விழாவிட்டால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்களாம்.

"ஏம்பா, ஒம்போது வீட்டுல வாழ்க்கப்பட்டுட்டு வந்திருக்க. ஒரு மாமியாருக்குக்கூடவா உன்னப் புடிக்கல?" என்பேன். கடையில் கற்ற அரைகுறைத் தமிழை வைத்துக்கொண்டு அதைப் புரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

பத்தாவது ஒன்றுக்காகக் காத்திருந்தார். அது அவர் பிறந்த ஊர் அணி. சின்ன வயதில் வேண்டாம் என்று அவரைத் திருப்பி அனுப்பிய அணி. அவருடைய அப்பா நாற்பது வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் அந்த மைதானத்தில் போய் நிற்பவர். மகன் அங்கே ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. இவருக்கு வயது முப்பத்துநாலு ஆகிவிட்டது. இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் கால் ஒத்துழைக்காது என்று அவரே சொன்னார். அதனால்தான் எழுதிக் கேட்டிருந்தார்.

எங்கள் வீட்டில் ஆடியில் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டோம். பெண் பார்க்க மாட்டோம், குடி மாற மாட்டோம். போயும் போயும் ஆடியிலா இந்த மனுஷன் பயணம் கிளம்புவது, பத்தாவதும் விளங்காமல் போய்விடுமே என்று கடிதத்தை உளுந்து டப்பாவுக்குள் வைத்தேன். மலை சுற்றி வந்தவர் வழக்கம்போலக் கேட்டார்.

"இன்னாக்கா, லெட்டர் வந்துச்சா?"

"அதுவும் உன்னாட்டம் மலையச் சுத்திக்கினு இருக்குது போல. வரும், வரும்."

சிரித்தார். மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். தினத்துக்கு ஒரு வேடிக்கையை எடுத்து விட்டேன்.

ஆவணி முதல் நாள் தலைக்குக் குளித்து, உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஒரு கிண்ணம் கேசரியோடு நீட்டினேன். படித்தார். மறுபடியும் படித்தார். ஜூலை முடிவதற்குள் வந்து பயிற்சியில் சேர வேண்டும் என்று எழுதியிருந்ததாம். அப்போது ஆகஸ்ட் பாதி ஆகிவிட்டது. நம்முடைய ஆடியில்தான் அவர்கள் ஊரில் பந்தாட்ட வருஷத்துக்கு ஆள் சேர்ப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"எப்ப வந்துச்சுக்கா?"

"ஆடி ரெண்டு."

ஆடி என்றால் என்னவென்று கேட்டார். தட்டுத் தடுமாறிச் சொன்னேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு தந்தி கொடுக்கப் போனார். மூன்றாம் நாள் பதில் வந்தது. இடம் நிரம்பிவிட்டது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

"நீ நல்லதுக்குத்தான பண்ண. வுடுக்கா," என்றார்.

அடுத்த மாதம் மலேசியாவில் ஒரு அணிக்கு ஆடப் போய்விட்டார். அதுதான் பத்தாவது.

அவர் மன்னித்துவிட்டுப் போனது ஆடியைத்தான். அது பாதிக் காரணம். என் வாய்க்கு முகம் சுளிக்க வீட்டில் ஆள் உண்டு, சிரிக்க ஆள் இல்லை. அவர் ஒருவர்தான் சிரித்தார். இன்னும் ஒரு மாசம் இருக்கட்டுமே என்று, உளுந்துக்குள் கை போகும்போதே மனசு சொன்னது. இந்த மீதிப் பாதியை அவரிடம் நான் சொல்லவே இல்லை.

இப்போது பேத்தி கைபேசியில் இங்கிலாந்துப் பந்தாட்டம் வைத்துக் காட்டுகிறாள். யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கூட்டத்தில் நிற்கிற கிழவர்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.