நான் சேர்த்துத் தைத்த வால்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மன்னிக்க வேண்டும். ஐந்தாவது வரைதான் படித்தேன், அதுவும் கடைசி பெஞ்சில். நடந்ததில் பாதி மறந்துவிட்டது. மறக்காத பாதி, நான் அசடு வழிந்த பாதி.

மருமகள் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். தற்காலிக வேலை. அறிவியல் கண்காட்சி நன்றாக நடந்தால்தான் ஜூனில் மறுபடி கூப்பிடுவோம் என்று தாளாளர் சொல்லிவிட்டார். டைனோசர் காலத்தில் பறந்து திரிந்த ஊர்வனவற்றை அவள் எடுத்துக்கொண்டாள். இடது மேசையில் முதலில் வந்த நீள வால்காரர்கள், வலது மேசையில் பின்னால் வந்த குட்டை வால்காரர்கள். நடுவில் ஒரு ஸ்டூலில் அனுரோக்னேதஸ். ஜுராசிக் காலத்து உருப்படி. வால் குட்டை, அதனால் பின்னால் வந்தவர்களுக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்பது ஒரு கட்சி. வாலைப் பார்க்காதே, மற்றதெல்லாம் பழைய காலத்துக் கட்டு, எல்லோருக்கும் முந்தியே பிரிந்துபோன கிளை அது என்பது இன்னொரு கட்சி. இந்த வழக்கைக் காட்டுவதுதான் அவள் திட்டம்.

இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். "அத்தை, பழைய குடைத் துணியில இதைத் தச்சுக் குடுங்க" என்று ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். நானும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதென்றால் எனக்கு வீட்டு ஆட்களிடமே கூச்சம்.

தவளை மாதிரி அகன்ற வாய், இறக்கை எல்லாம் நன்றாகவே வந்தது. வால்தான் படத்தில் கட்டைவிரல் அளவு. வரையும்போதே தூங்கிவிட்டாள் போல, பாவம் என்று நினைத்தேன். கூடத்தில் காய்ந்துகொண்டிருந்த காகிதப் பொம்மைகள் இரண்டுக்கும் நீள வால் இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் குறை எதற்கு? மூன்று சாண் நீளத்துக்கு ஒன்றைத் தைத்தேன். திணிக்கப் பஞ்சு போதவில்லை. என் பழைய சவுரி முடியைத் திணித்தேன்.

மருமகள் முன்னாடியே போய்விட்டதால், அதைத் தூக்கிக்கொண்டு அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன்.

"என்ன அப்பத்தா, வௌவாலா?" என்றார் டிரைவர்.

"இல்லப்பா, பல்லி மாதிரி."

"இம்புட்டுப் பெரிய பல்லியா? எங்க வீட்டுல இருந்தா நான் ரோட்டுலதேன் படுப்பேன்."

ஆட்டோவே சிரித்தது. நான் முந்தானையால் வாலை மூடிக்கொண்டேன்.

கண்காட்சிக் கூடத்தில் தாளாளரும், நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியரும் இடது மேசை அருகே நின்றிருந்தார்கள். நான் ஸ்டூலில் வைத்ததைப் பார்த்ததும் மருமகளின் முகம் வெளுத்தது.

"அத்தை, என்னது இது?" என்றாள், உதடு அசையாமல்.

"வால்மா. நீ பாதியில விட்டிருந்தயே."

"விடல அத்தை! அதுக்கு அம்புட்டுத்தேன் வால்!"

அதற்குள் பேராசிரியர் வந்துவிட்டார். "இது நீள வாலாச்சே டீச்சர், அந்த மேசையிலயே வச்சிரலாமே. தனியா ஸ்டூல் எதுக்கு?" தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பெண்ணின் பிழைப்பைத் தைத்தே கெடுத்த மாமியார் மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"அத்தை, கத்தரி இருக்கா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எல்லோர் முன்னாலும் வாலை நறுக்கினாள். சவுரி வெளியே வந்து விழுந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

"இதென்னம்மா, முடி?" என்றார் தாளாளர்.

"இதுங்க உடம்புல ரோமம் மாதிரி இருந்துச்சு சார்," என்றாள் கூசாமல்.

"இருந்துச்சுதான்," என்றார் பேராசிரியர். "ஆனா பின்னிப் போடுற அளவுக்கா?"

நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கிருந்தும் அவள் குரல் கேட்டது. "இப்பப் பாருங்க சார். வால் இருந்தா அந்த மேசை, வெட்டினா இந்த மேசை. வாலை மட்டும் வச்சு முடிவு பண்ணலாமாங்கிறதுதான் சண்டையே."

"நீங்க எந்தப் பக்கம்?"

"பழைய கிளைதான்னு எனக்குத் தோணுது. புள்ளைங்களுக்கு ரெண்டையும் சொல்லிருவேன்."

தான் மறு கட்சி என்றார் பேராசிரியர். மெல்ல எட்டிப் பார்த்தேன். ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி இருவரும் வாதாடினார்கள். தாளாளர் மணி பார்ப்பதை விட்டுவிட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டிக்கொண்டு நின்றார். கிளம்பும்போது, "ஜூன்ல வந்துருங்கம்மா," என்றார் அவளிடம்.

தூணுக்குப் பின்னால் நின்று கேட்டதை வைத்து எழுதியிருக்கிறேன். எந்தக் கட்சி எதைச் சொன்னது என்பதை நான் மாற்றி எழுதியிருக்கலாம். அந்தப் பிராணியின் பெயரில் ஓர் எழுத்துக் கூடக் குறைய இருக்கலாம். இதற்குள் அந்த வழக்கே தீர்ந்துபோயிருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.